பிடியும் வாதமும்

"இதெல்லாம் ஒரு தண்ணியா, போயிடலாம்" என்றான் குமரகுரு. அரசி பதில் சொல்லவில்லை. சொன்னால் அது வாதமாகும், வாதமானால் அவன் நிச்சயம் போவான், சும்மா இருந்தால் ஒருவேளை அவனாகவே திரும்பிவிடலாம் என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் நம்பிவருகிற ஒன்று, சில நாள் பலித்திருக்கிறது, சில நாள் பலித்ததில்லை, இன்றைக்கு எப்படியோ. மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. மாமனாரைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போய்த் திரும்பும் வழியில், ரயில்வே சப்வேக்கு இறங்குகிற சரிவில் கார் வரிசையில் மாட்டிக்கொண்டு நின்றது. வரிசைக்கு முன்னால், சாலை பாலத்தடியில் நுழையும் இடத்தில், தண்ணீர் கலங்கலாக அசையாமல் கிடந்தது. உள்ளே விளக்கு எரியவில்லை. முன்னால் நின்ற ஒரு வெள்ளைக் கார் தயங்கி, பின்னுக்கு வந்து, தடுப்புக்கட்டை முடிகிற இடத்தில் வளைந்து திரும்பிப் போனது. அதற்கு முன்னால் ஒரு ஆட்டோவும் அப்படித்தான் போயிருந்தது. "பயந்தாங்கொள்ளிங்க" என்று சொல்லிவிட்டு, அந்த வெள்ளைக் கார் விட்டுப்போன இடத்தில் குமரகுரு தன் காரைக் கொண்டுபோய் நிறுத்தினான். முன்னாலிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக விலகிப் போகப் போக அவர்கள் தண்ணீருக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். புத்தி உள்ளவர்கள் விலகிப் போவதனாலேயே நமக்கு வழி கிடைக்கிறது, அந்த வழி நேரே எங்கே கொண்டுபோகிறது பார் என்று அவளுக்குச் சொல்லத் தோன்றியது. பின்சீட்டில் மாமா வைத்திலிங்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வலதுகையை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி வைத்துக்கொண்டு. அவரால் ஒற்றை ஆளாகக் காரைவிட்டு இறங்க முடியாது. இறக்க இரண்டு பேர் வேண்டும், நிதானமாக, முதலில் இடதுகால், பிறகு இடுப்பு, பிறகு வலதுகாலைக் கையால் தூக்கி. தண்ணீருக்குள் அதை எப்படிச் செய்வது என்று அவள் மனம் தானாகவே ஒத்திகை பார்க்க ஆரம்பித்தது. கதவு திறக்குமா. வெளியே தண்ணீர் அழுத்தினால் கதவு திறக்காது என்று எங்கேயோ படித்திருந்தாள். கண்ணாடியை இறக்கலாம், ஆனால் இந்தக் கண்ணாடிகள் பட்டனில் இறங்குகிறவை, தண்ணீர் உள்ளே போய்விட்டால் பட்டன் வேலை செய்யுமா.

"கேளு அரசி. புகைக்குழாய்க்குள்ள தண்ணி ஏறாம பாத்துக்கிட்டா போதும். ஃபர்ஸ்ட் கியர், ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுக்கக் கூடாது, நடுவுல நிக்கக் கூடாது. இது வெறும் ஃபிசிக்ஸ்." அவன் கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுக்கிறவன், உலகத்தில் பாதிச் சண்டையை ஃபிசிக்ஸ் என்று சொல்லியே ஜெயித்தவன். "சரிங்க, ஆனா சுத்திக்கிட்டு மேம்பாலம் வழியாப் போனா என்ன?" என்றாள், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தும். "மேம்பாலத்துல இந்நேரம் டிராஃபிக் நகராது. போலாம்னு சொன்னா போலாம்." அந்தக் கடைசி வாக்கியம். அதைச் சொல்லும்போது அவன் குரல் உயராது, கனக்கும். அவன் அப்பாவுக்கும் அதே வாக்கியம் உண்டு, அதே கனம். பிடிவாதம் என்று அவள் வீட்டில் சொல்வார்கள், பிடிவாதக்காரக் குடும்பத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்டோம் என்று அவள் சித்தி சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். பிடி. எதையெல்லாம் பிடிக்கிறோம். கத்திக்குப் பிடி, குடைக்குப் பிடி, ஒரு பிடி சோறு, கழுத்தில் பிடிப்பு, சளி பிடித்திருக்கிறது, சனி பிடித்திருக்கிறது, மழைகூடப் பிடித்துக்கொள்கிறது. பழம்பாட்டில் பிடி என்றால் பெண் யானை. பெண் பார்க்க வந்த அன்று கூடம் நிறைய ஆட்கள் இருக்க, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொன்னான் குமரகுரு. வைத்திலிங்கம் மாமா அப்போது எழுந்து வெளியே போய்விட்டார். ஜாதகத்தில் ஏதோ ஒத்துவரவில்லை, அவர் மனதில் வேறொரு இடம் இருந்தது. அதற்கப்புறம் அப்பாவும் பிள்ளையும் ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடாமல் மாதக்கணக்கில் இருந்தார்கள். கடைசியில் ஜெயித்தது குமரகுரு. அவன் பிடித்த பிடியில்தான் அவள் இந்த வீட்டுக்கு வந்தாள். அப்போது அதற்குப் பிடிவாதம் என்று அவள் பெயர் வைக்கவில்லை. தோழிகளிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள், எனக்காக அவர் எப்படி நின்றார் தெரியுமா என்று. நமக்காக நின்றால் உறுதி, நமக்கெதிரில் நின்றால் பிடிவாதம். அப்படியென்றால் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், அது யாரைப் பற்றிச் சொல்கிறது, நிற்கிறவனைப் பற்றியா, எதிரே நின்று பெயர் வைக்கிறவளைப் பற்றியா. ஒரு லாரி ஹாரனை அலறவிட்டுப் பக்கத்தில் உரசிப் போய்த் தண்ணீருக்குள் இறங்கியது. அலை எழுந்து இருபக்கச் சுவரிலும் மோதித் திரும்பிவந்தது. லாரி அந்தப் பக்கம் ஏறிவிட்டது. "பாத்தியா" என்றான் குமரகுரு. லாரிச் சக்கரம் என் நெஞ்சு உயரம் இருக்கும் என்று அவள் சொல்லவில்லை.

பிடியாவது பரவாயில்லை, வாதம்தான் அவளை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அவள் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். பக்கவாதம் வந்து வாய் கோணிப்போனவர்களுக்கு, சொல் தொலைந்துபோனவர்களுக்கு, அ ஆ என்று மறுபடி ஆரம்பித்துச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. பக்கவாதம், முடக்குவாதம், கீல்வாதம், பிடிவாதம். நோயாளி யாரும் வராத ஒரு மத்தியானத்தில் அகராதியைப் புரட்டிப் பார்த்தாள். வடமொழியில் இரண்டும் வேறு வேறு சொல், ஒரு வாதம் பேசுவதிலிருந்து வந்தது, இன்னொரு வாதம் காற்றிலிருந்து வந்தது, உடம்பில் ஓடுகிற காற்று பிசகினால் வருகிற நோய். தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்து. பிடிவாதத்தில் இருப்பது பேச்சு வாதம், பிடித்த பேச்சை விடாதது, அவ்வளவுதான் என்று அகராதி முடித்துக்கொண்டது. அவளுக்கு முடியவில்லை. அவள் வீட்டில் அந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. மாமாவுக்கும் குமரகுருவுக்கும் கடைசியாக வந்த சண்டை வாசல் கேட்டைப் பற்றி. தெருவைப் பார்த்துத் திறக்க வேண்டும் என்றார் மாமா. உள்பக்கம் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் போகிற வருகிற வண்டியில் இடிக்கும் என்றான் அவன். கொத்தனார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. இன்றுவரை அந்த வீட்டுக்குக் கேட் கிடையாது. சுவரில் சாய்ந்து துருப்பிடித்து நிற்கிறது. அன்றையிலிருந்து அவர்கள் நேருக்கு நேர் பேசவில்லை. "உங்க வீட்டுக்காரன்கிட்ட சொல்லும்மா, மோட்டார் போட்டு நிறுத்தாமப் போயிட்டான்னு." "உங்க மாமாகிட்ட சொல்லு, நிறுத்திட்டுத்தான் போனேன்னு." ஒரே கூடத்தில் இரண்டு நாற்காலி, நடுவில் அவள். வேலைக்குப் போனால் பேச முடியாதவர்கள், வீட்டுக்கு வந்தால் பேச மாட்டாதவர்கள். ஒருநாள் காலையில் மாமா குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது அவரிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். "இல்ல." பசித்தால் இல்ல, தாகமென்றால் இல்ல, ஃபேனைப் போடச் சொல்லி இல்ல, ஆமாம் என்பதற்கும் இல்ல. இப்படி ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டவர்களை அவள் பார்த்திருக்கிறாள், பிற சொல்லெல்லாம் உள்ளே எங்கேயோ இருக்கும், வாய்க்கு வரும் வழியில் இந்த ஒன்று மட்டும் முந்திக்கொண்டு வந்து நிற்கும். ராகத்தை வைத்துத்தான் அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டும். நீட்டிக் கேள்விபோல முடித்தால் தண்ணீர். வெட்டி முடித்தால் பாத்ரூம். குமரகுரு தினமும் காலையில் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறான், முகம் சவரம் செய்துவிடுகிறான், ஒரு சொல் பேசாமல். பேசாமல் இருப்பது கோபமா, கூச்சமா, பழக்கம் மாறவில்லையா என்று அவளுக்குத் தெரியாது. இப்போது, எத்தனையோ காலத்துக்குப் பிறகு, கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து அவன் கேட்டான், "என்னப்பா, போலாம்ல?" பின்னாலிருந்து குரல் வந்தது, "இல்ல." குமரகுரு சிரித்தான். "போலாங்கறாரு" என்றான்.

அந்த ராகம் அவளுக்குத் தெரியாத ராகம். அவள் திரும்பிப் பார்த்தாள். மாமாவின் இடதுகண் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது, இல்லை, கண்ணாடியில் வழிந்த மழையைப் பார்த்ததோ என்னவோ, வாய் ஓரத்தில் எச்சில். வேண்டாம் என்கிறாரா, போ என்கிறாரா, பிள்ளை தன்னிடம் பேசிவிட்டான் என்பதுதானா. அதைக் கண்டுபிடிக்க அவகாசம் இல்லை. கடைசியாக முன்னால் நின்ற வேனும் வளைந்து திரும்ப, இனி காருக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. பின்னால் ஹாரன்கள். குமரகுரு கியரை மாற்றினான், சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தான், தேர்வு எழுதப்போகிற பையனின் முகம் அவனுக்கு வந்தது. அந்த முகத்தை அவளுக்குப் பிடிக்கும், அதுதான் கஷ்டம். போன மழையில் ஏதோ ஒரு ஊரில் ஒரு கார் இப்படிப் போய், காலையில் பம்ப் வைத்து இறைத்த பிறகு கூரை தெரிந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள், உள்ளே ஆள் இருந்ததாகவும் சொன்னார்கள், இல்லை என்றும் சொன்னார்கள், அவள் அதற்குமேல் பார்க்காமல் சேனலை மாற்றினாள். இப்போது மாற்ற எதுவுமில்லை. வேண்டாங்க என்று சொல்ல வேண்டும். சொன்னால் வாதம். சொல்லாவிட்டால் தண்ணீர். சொல்லிச் சொல்லி இத்தனை வருஷத்தில் எதை மாற்றினோம் என்று நினைக்கும்போதே அவள் கை பெல்ட்டைக் கழற்றியது, கதவைத் திறந்தது, கால் ஓடுகிற சகதித் தண்ணீரில் இறங்கியது. மனம் பின்னாலேயே ஓடிவந்தது, என்ன செய்கிறாய் என்று கேட்டுக்கொண்டு. அவள் காருக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் பானட்டின் மேல் ஊன்றினாள். சூடாக இருந்தது. எஞ்சினின் அதிர்வு முழங்கை வரை வந்தது. மழை தலையில் கொட்டிக் கண்ணுக்குள் இறங்கியது. கண்ணாடிக்கு உள்ளே குமரகுருவின் வாய் அசைவது தெரிந்தது, என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை. ஹாரன் அடித்தான். அவளைப் பார்த்து ஹாரன் அடித்தான். அவள் நகரவில்லை. இதற்குப் பெயர் என்ன என்று உள்ளே ஒரு குரல் நிதானமாகக் கேட்டது, அவன் விடவில்லை, நீயும் விடவில்லை, அவனுடையது பிடிவாதமென்றால் உன்னுடையது என்ன.

அவன் இறங்கி வந்தான். "அறிவிருக்கா உனக்கு? நடு ரோட்டுல வந்து நிக்கறே?" என்றான். "மாமா உள்ள இருக்காரு" என்றாள். "நான் ஓட்டிட்டுப் போவேன்னு நம்பிக்கை இல்லியா?" "நம்பிக்கை இருக்கு. போகக் கூடாது." "ஒரு காரணம் சொல்லு." "காரணமெல்லாம் கிடையாதுங்க. நான் இங்கேருந்து நகர மாட்டேன்." தன் குரலை அவளே கேட்டாள். உயரவில்லை. கனத்திருந்தது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "சார், அக்கா சொல்றது கரெக்டு சார், உள்ள பள்ளம் தோண்டி வச்சிருக்கானுங்க" என்றார். அவர் பேசாமல் இருந்திருக்கலாம். குமரகுருவின் முகம் மாறியது. மனைவி ஒருத்தி மறித்தால் வீட்டு விஷயம், மூன்றாம் மனிதன் சாட்சிக்கு வந்துவிட்டால் அது வேறு. சாவியை எடுத்து அவள் கையில் திணித்தான். "நீயே ஓட்டு. நான் நடந்து போய்க் காட்டறேன், எவ்வளவு தண்ணின்னு." "என்னங்க, வேணாம்" என்று அவள் சொன்னபோது அவன் செருப்போடு தண்ணீருக்குள் போய்விட்டிருந்தான். கணுக்கால். ஆடுசதை. அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், வாழ்க்கையில் ஒருபோதும் தெருவில் கூப்பிட்டதில்லை. திரும்பவில்லை. கைகளை உடம்பிலிருந்து சற்று விலக்கி வைத்து நடந்தான், வரப்பில் நடப்பவன் மாதிரி. முட்டி. தொடை. பாலத்தின் நிழல் அவன் தலையை மூடியது, பிறகு முதுகை மூடியது, பிறகு வெள்ளைச் சட்டை ஒரு மங்கலான திட்டாகத் தெரிந்து, அதுவும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மேலே ஒரு ரயில் வந்தது, பாலம் முழுக்கத் தடதடத்தது, உள்ளேயிருந்து அவன் கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது. கத்தினானா. பள்ளம் எங்கே. நடுவிலா ஓரத்திலா. நான் மறிக்காமல் இருந்திருந்தால் மூன்று பேரும் காருக்குள் இருந்திருப்போம், ஒன்றும் ஆகாமல் அந்தப் பக்கம் ஏறியிருப்போம், அவன் பாத்தியா என்று சொல்லியிருப்பான், நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன், அவ்வளவுதானே. மறித்தது நான். அனுப்பியது நான். அவனைத் தேடி உள்ளே போகலாமென்று ஓர் அடி எடுத்துவைத்தாள், அப்போது பின்சீட்டு ஞாபகம் வந்தது. இவரை விட்டுவிட்டு எங்கே போவது.

ஓட்டுநர் சீட்டில் அவள் உட்கார்ந்தபோது அது இன்னும் சூடாக இருந்தது. லைசென்ஸ் இருந்தது, பழக்கம் இல்லை. கிளட்ச் தேய்ந்துவிடும் என்று குமரகுரு இந்தக் காரை அவளிடம் கொடுத்ததில்லை. கால் எட்டவில்லை, சீட்டை இழுக்கும் கம்பியைத் தேடிக் கண்டுபிடித்து இழுத்தாள். ஆட்டோக்காரர் தன் வண்டியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மழையில் வந்து நின்று கையைக் காட்டினார். "ரிவர்ஸ் போடு அக்கா. ஸ்டீரிங்க ஃபுல்லா ஒடி, ஃபுல்லா ஒடி, வா வா வா, போதும். பிரேக்கு." இரண்டு முறை நின்றுபோனது. மூன்றாவது முறை கார் உறுமிக்கொண்டு பின்னால் வந்து திரும்பியது. "அண்ணா, அவரு உள்ள போயிருக்காரு, கொஞ்சம் பாருங்க" என்று கண்ணாடியை இறக்கிச் சொன்னாள். "பாக்கறேன் அக்கா, நீ மேம்பாலம் சுத்தி அந்தாண்ட பக்கம் போய் நில்லு" என்றார் அவர். முன்னால் தொங்கிய கண்ணாடியில் மாமா தெரிந்தார். பின்பக்கக் கண்ணாடி வழியே தலையைத் திருப்பிச் சப்வேயைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார், கழுத்து முழுதாகத் திரும்பவில்லை. அந்த ஒரு சொல்லையும் சொல்லவில்லை. இடதுகை மட்டும் முன்சீட்டின் முதுகைப் பற்றியிருந்தது, அவள் தோளுக்குப் பக்கத்தில், நகங்கள் வெளுத்துப்போகிற அளவுக்கு. "வந்துடுவாரு மாமா" என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

மேம்பாலத்தில் டிராஃபிக் நகரவில்லை. அதில் அவன் சொன்னது சரி. பஸ்ஸுக்குப் பின்னால் பஸ், நடுவில் சிவப்பு விளக்குகள், மழை. ஒரு கையால் போனை எடுத்து அழைத்தாள். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளரை இப்போது தொடர்புகொள்ள இயலவில்லை என்றாள் ஒரு பெண், அவளுக்கு எதுவுமே அவசரமில்லை. மறுபடி அழைத்தாள். அதே பெண், அதே நிதானம். போன் நனைந்துவிட்டது, அதனால்தான், சட்டைப் பையில் வைத்திருந்தான், தண்ணீர் சட்டைப் பை வரை என்றால். வேண்டாம். மழையில் நனைந்திருக்கும். மழைக்கே நனையும். கிளட்ச்சை மிதித்து மிதித்து இடதுகால் நடுங்கியது. மாமியார் செத்த அன்று கூடத்தில் அப்பாவும் பிள்ளையும் எதிரெதிர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள், ஒருவருக்கொருவர் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை, இரண்டு பேரும் ஒரே மாதிரி மேல்துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அது எதற்கு இப்போது. துண்டைக் கடிக்கிற அந்த வாய். விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் எதையாவது விட்டால் கீழே விழுந்துவிடுவோம் என்று பிடித்துக்கொண்டிருக்கிறார்களோ. அவன் விழுந்திருந்தால். விழுந்திருந்தால் ஆட்டோக்காரர் பார்த்திருப்பார். இருட்டில் எப்படிப் பார்த்திருப்பார். நான் போலீஸிடம் என்ன சொல்வேன், சண்டை போட்டுக்கொண்டோம் என்றா, எதைப் பற்றி என்று கேட்பார்கள், தண்ணீர் எவ்வளவு என்பதைப் பற்றி. பின்னாலிருந்து மாமாவின் மூச்சு கேட்டது, ஏறி இறங்கி, ஏறி இறங்கி. மேம்பாலம் இறங்கும் இடத்தில் அவள் சிக்னலைக் கவனிக்காமல் போய்விட்டாள், யாரோ திட்டினார்கள்.

சப்வேயின் மறுபக்கம், மூடியிருந்த ஒரு மருந்துக்கடையின் தகரத்துக்குக் கீழே அவன் நின்றுகொண்டிருந்தான். அவள் பிரேக் போட்டதில் கார் துள்ளி நின்று அணைந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. பாலிதீன் துணுக்கு ஒன்று இடுப்பில் ஒட்டியிருந்தது. சட்டையில் குறுக்காக ஒரு கோடு, கறுப்பாக, எண்ணெய்ப்பிசுக்காக, பாக்கெட்டுக்கு மேலே, ஏறக்குறைய கழுத்துப் பட்டன் உயரத்தில். அதற்குக் கீழே சட்டை முழுக்கச் சகதி நிறம், மேலே வெள்ளை. அவன் வந்து ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒரு நொடி நின்றான், பிறகு காரைச் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து, இதுவரை ஒருநாளும் உட்காராத சீட்டில் உட்கார்ந்தான். சாக்கடை நாற்றம் காரை நிறைத்தது. "முட்டிக்குத்தான் இருந்துச்சு" என்றான். அரசி அந்தக் கோட்டைப் பார்த்தாள். சொல்வதற்கு நிறைய இருந்தது, வாய் வரை வந்து நின்றது, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு. அவன் பெல்ட்டை இழுத்து அதன் துவாரத்தைத் தேடினான், கிடைக்கவில்லை, மறுபடி தேடினான். அவள் அதை வாங்கிச் செருகினாள். விரல் பட்டது. பனிக்கட்டி மாதிரி இருந்தது. பின்சீட்டிலிருந்து மாமாவின் இடதுகை மெல்ல நீண்டு வந்து, பிள்ளையின் ஈரத் தலைமேல் விழுந்தது, வைத்தாரா விழுந்ததா என்று சொல்ல முடியாதபடி. குமரகுரு தலையை நகர்த்திக்கொள்ளவில்லை. அவள் காரைக் கிளப்பினாள், இம்முறை ஒரே தடவையில் கிளம்பியது. வீட்டுத் தெருவின் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தபோது, வெளியே பார்த்துக்கொண்டே அவன் சொன்னான், "நடுவுல ஒரு குழி இருந்துச்சு, அரசி. காலு எட்டல." எவ்வளவு ஆழம் என்று அவள் கேட்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த கைகள் வலித்தன. இரண்டாவது கியரிலேயே மெதுவாகப் போனாள்.